ஆளுக்கு நூற்றைம்பது சொற்கள்

மனிதகுலம் நெருப்பை எங்கே கண்டுபிடித்தது, சக்கரத்தை எங்கே கண்டுபிடித்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நடுநிலையைக் கண்டுபிடித்த இடம் நகரமன்ற நூலகத்தின் மாடியில், குறிப்புதவிப் பிரிவில், இரண்டாவது மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசை என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வரலாறு இதை இன்னும் பதிவு செய்யவில்லை. வரலாற்றுக்கு வேறு வேலைகள் இருந்திருக்கும்.

அந்த மேசைக்கு உரியவரான நூலகருக்கு வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அவர் ஒரு வாசகரிடமாவது "இந்தப் புத்தகம் நல்லா இருக்கும்" என்று சொன்னதில்லை. யாராவது வற்புறுத்திக் கேட்டால், "இருநூத்திப் பத்துப் பக்கம், கெட்டி அட்டை" என்பார். அதற்குமேல் சொன்னால் மற்றப் புத்தகங்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும் என்பது அவர் எண்ணம். வீட்டிலும் அப்படித்தான். கணவர் சாப்பாட்டைப் பாராட்டினால், நேற்றைய சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்வார்.

இப்படிப்பட்ட ஒருவர் இருக்கும் ஊரில் நகரமன்றமும் அதற்கேற்றபடி அமைந்தது. மொத்தம் பதின்மூன்று உறுப்பினர்கள். கதவுச் சின்னத்துக்கு ஆறு பேர், ஜன்னல் சின்னத்துக்கு ஆறு பேர். பதின்மூன்றாமவர் மகளோடு இருக்கப்போகிறேன் என்று பதவியை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். இரண்டு கட்சிகளுக்கும் ஆழ்ந்த கொள்கை வேறுபாடு உண்டு. கதவுக் கட்சி திறந்த மனத்தோடு உள்ளே வரச் சொல்லும். ஜன்னல் கட்சி திறந்த மனத்தோடு வெளியே பார்க்கச் சொல்லும். எனவே பதினான்கு மாதங்களாக எந்தத் தீர்மானம் வந்தாலும் ஆறுக்கு ஆறு. சமமானால் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படும்' என்பது மன்ற விதி. மன்றத்தில் ஒழுங்காக நிறைவேறி வந்தது அந்த விதி ஒன்றுதான்.

ஒத்திவைக்கப்பட்டவற்றில் தலையாயது கிழக்குத் தெருக்களின் குடிநீர்க் குழாய். அது போட்டு அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதில் வரும் தண்ணீர் நிறத்தில் தேநீரைப் போலவும் மணத்தில் பழைய ஆணியைப் போலவும் இருந்தது. நூலகரின் வீடும் கிழக்குத் தெருவில்தான். கீழே அவர் கணவரின் சலவைக் கடை, மேலே குடியிருப்பு. மருத்துவமனையிலிருந்து வாரந்தோறும் வெள்ளை அங்கிகள் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன. அவை பழுப்பாகத் திரும்பிப் போனதும் மூட்டைகள் நின்றுவிட்டன. கணவர் மனைவியைப் போலில்லை. அவருக்குப் பக்கச்சார்பு உண்டு. வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும் என்பார்.

காலியான பதின்மூன்றாவது இடத்துக்கு இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. அந்த இடம் கிழக்குத் தெருக்களுக்கு உரியது. வாக்காளர்கள் 'விழிப்புணர்வோடு' வாக்களிக்கும் பொருட்டு வேட்பாளர் கையேடு ஒன்று வெளியிட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மன்றச் செயலர் யோசிக்கவே இல்லை. மாடியேறி வந்து, பொறுப்பை நூலகரிடம் ஒப்படைத்தார். மூன்று வேட்பாளர்கள், ஆளுக்கு நூற்றைம்பது சொற்கள், ஒரே அளவு புகைப்படம். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் தன் வேலைக்கே ஆபத்து என்றார். நூலகர் நூற்றைம்பதில் 'மற்றும்' சேருமா சேராதா என்று கேட்டார். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறோம் என்று செயலருக்கு அப்போதே நிம்மதி.

ஆய்வு மினிட்ஸ் புத்தகங்களிலிருந்து தொடங்கியது. பத்து ஆண்டுக் கூட்டக் குறிப்புகளை நூலகர் ஒன்பது நாளில் படித்து முடித்தார். இதற்குமுன் அவற்றை எழுதியவரைத் தவிர யாரும் படித்ததில்லை. எழுதியவரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார் என்று கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்தது.

கதவுக் கட்சியின் வேட்பாளர் மருந்துக்கடைக்காரர். முன்பே ஐந்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். அந்த ஐந்து ஆண்டுகளில் மன்றத்தில் ஒரே ஒரு முறை பேசியிருந்தார்: காற்று பலமாக வீசுகிறது, ஜன்னலைச் சாத்துங்கள் என்று. ஜன்னல் கட்சியினர் இதைத் தங்கள் மீதான தாக்குதலாகக் கருதி வெளிநடப்புச் செய்தனர். அவர்கள் கதவு வழியாக வெளியேறியதைக் கதவுக் கட்சி தனக்குக் கிடைத்த ஆதரவாகக் கருதி மேசையைத் தட்டியது. அன்றைய கூட்டம் அத்துடன் நிறைவுற்றது.

ஜன்னல் கட்சியின் வேட்பாளர் கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். இவர் உறுப்பினராக இருந்ததில்லை. பார்வையாளர் வரிசையில் பதினெட்டு முறை கையெழுத்திட்டிருந்தார். பதினெட்டும் தேநீர் இடைவேளைக்குச் சற்று முந்திய நேரங்கள்.

மூன்றாமவர் சுயேச்சை, சின்னம் வாளி. தொழில் குழாய் வேலை. இவர் பெயர் கூட்டக் குறிப்புகளில் முப்பத்தொரு இடங்களில் இருந்தது. 'கிழக்குத் தெருவில் குழாய் வெடிப்பு. குழாய்க்காரர் வந்து சரிசெய்தார்' என்று முப்பத்தொரு முறை. நூலகர் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டார். முப்பத்தொன்றாவது தேதியைக் குறிக்கும்போது பேனா ஒரு கணம் நின்றது. அன்று அவருடைய வீட்டு வாசலிலும் தண்ணீர் தேங்கி நின்றிருந்தது. உடனே தன்னைக் கண்டித்துக்கொண்டு, சொந்த அனுபவத்தை ஆய்விலிருந்து விலக்கிவைத்தார்.

அடுத்தது நேர்காணல். ஆளுக்கு முப்பது நிமிடம். மேசைக் கடிகாரம் ஒன்றைப் பையில் எடுத்துச் சென்று மணி வைத்துவிட்டே பேச்சைத் தொடங்கினார்.

மருந்துக்கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து, வாடிக்கையாளர்களுக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தபடியே பதில் சொன்னார். குடிநீரின் நிறம் பற்றிக் கேட்டபோது மட்டும் எழுந்து நின்றார்.

"நிறத்தை வச்சுத் தண்ணியை ஒதுக்கறது எங்க கட்சிக் கொள்கைக்கே விரோதம், மேடம். வெள்ளையா இருந்தா உசத்தி, பழுப்பா இருந்தா மட்டமா? இதை நாங்க ஏத்துக்கவே மாட்டோம்."

நூலகர் எழுதிக்கொண்டார். கையேட்டில் போட அவருடைய குறைகள் மூன்றைச் சொல்லும்படி கேட்டார். அதிகம் உழைப்பது, அதிகம் இரங்குவது, அதிகம் அடக்கமாக இருப்பது என்று மூன்றையும் மூச்சுவிடாமல் சொன்னார் மருந்துக்கடைக்காரர். வயிற்றுப்போக்கு மருந்து கிழக்குத் தெருவில் நன்றாக விற்பதாகவும் பெருமையோடு சேர்த்துக்கொண்டார். மணி அடித்தது.

பயிற்சிப் பள்ளிக்காரர் பேட்டியைக் காரில் வைத்துக்கொண்டார். கற்றுக்கொள்கிற பெண் ஒருத்தி ஓட்ட, அவர் பக்கத்தில் பிரேக்கில் கால் வைத்திருக்க, நூலகர் பின் இருக்கையில். குழாயை மாற்றுவதில் கட்சியின் நிலை என்ன என்று நூலகர் கேட்டார்.

"நேராப் போங்க" என்றார் அவர்.

நூலகர் அதை எழுதிக்கொண்டார். பிறகுதான் அது ஓட்டுகிற பெண்ணுக்குச் சொன்னது என்று தெரிந்து அடித்தார். உண்மையான பதில் அடுத்த திருப்பத்தில் வந்தது.

"பாருங்க மேடம், குழாயை மாத்தணும்னு அவங்க சொன்னா நாங்க எதிர்த்தாகணும். நாங்க சொன்னா அவங்க எதிர்த்தாகணும். ரெண்டு பேரும் வாயைத் திறக்காம இருந்தாத்தான் அந்தக் குழாய்க்கு ஒரு எதிர்காலம் இருக்கு. அதனால நாங்க பொறுப்போட மௌனமா இருக்கோம்."

இவருக்கும் மூன்று குறைகள் இருந்தன. முதல் இரண்டும் மருந்துக்கடைக்காரருடையவை. மூன்றாவது, எதிர்க்கட்சிக்காரரையும் நேசித்துவிடுவது.

குழாய்க்காரரைத் தேடிப் போனபோது அவர் தெருவில் தோண்டிய குழிக்குள் இருந்தார். தலை மட்டும் தெரிந்தது. நூலகர் கடிகாரத்தைக் குழியின் விளிம்பில், மண் படாமல் காகிதம் விரித்து வைத்தார்.

"உங்க கொள்கை என்ன?"

குழாய்க்காரர் கொஞ்சம் யோசித்தார். "தண்ணி தானா மேல ஏறாதுக்கா."

"அது அறிவியல். கொள்கைன்னு போட முடியாது."

"அப்ப அந்த இடத்தைக் காலியா விட்டுடுங்க."

குறைகளைக் கேட்டபோது அவர் திணறவில்லை. சொன்ன நேரத்துக்கு வர முடிவதில்லை, ஒரு வீட்டில் ஸ்பானரை மறந்துவிட்டு அடுத்த வீட்டில் தேடுகிறார், கோபம் வந்தால் குழாயோடு பேசுகிறார். நான்காவதையும் தொடங்கினார். மூன்றுக்குத்தான் இடம் என்று நூலகர் தடுத்துவிட்டார். ஏன் தேர்தலில் நிற்கிறார் என்ற கேள்விக்கு, குழிக்குள் குனிந்து, அறுத்து எடுத்த குழாய்த் துண்டு ஒன்றை மேலே நீட்டினார். வெளியே பார்த்தால் கை மணிக்கட்டு அளவு. உள்ளே துரு அடைத்து, சுண்டுவிரல் நுழைய இடமில்லை.

"இதுல ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு எனக்கே வெட்கமா இருக்கு. வெடிக்க வெடிக்க எனக்குத்தான் வேலை, இல்லைங்கல. ஆனா அந்தத் தெருக்கோடி வீட்டுப் பிள்ளைக்கு மூணாவது தடவையா மஞ்சக்காமாலை. மன்றத்துக்குள்ள போய் ஒரு கையைத் தூக்கினா மாத்திடலாம்னா, தூக்கிட்டு வந்துடலாமேன்னுதான்."

மணி அடிக்க இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. அவருக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. சமநிலை கெடக்கூடாது என்று நூலகர் மீதி பதினோரு நிமிடமும் வெயிலில், குழி ஓரத்தில், நின்றுகொண்டே இருந்தார். கடமையுணர்வு என்றால் இதுவல்லவா?

வரைவு தயாரானதும் செயலர் அறையில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. இரண்டு கட்சிகளிலிருந்தும் ஆளுக்கொரு பார்வையாளர் வந்தார். சுயேச்சைக்குக் கட்சி இல்லாததால் பார்வையாளரும் இல்லை. 'இதுவரை செய்த பொதுப்பணிகள்' என்ற தலைப்பின் கீழ் மருந்துக்கடைக்காரருக்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னது ஒரு வரி. பயிற்சிப் பள்ளிக்காரருக்குக் காலி. குழாய்க்காரருக்குப் பதினோரு வரி. செயலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் பதினோரு வரிதான்.

"மேடம், ஒரு பக்கமா சாயுதே."

"உள்ளதைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"உள்ளதை எழுதினா எப்படிச் சமமா வரும்? உள்ளது சமமா இல்லையே."

இந்த வாதத்தின் வலிமையை முதலில் பற்றிக்கொண்டவர் கதவுக் கட்சியின் பார்வையாளர். ஒரே குழாயை முப்பத்தொரு தடவை சரிசெய்திருக்கிறார் என்றால், முப்பது தடவை சரியாகச் செய்யவில்லை என்றுதானே பொருள், ஆகவே இதைப் பொதுப்பணியிலிருந்து எடுத்துக் குறைகளில் சேர்க்க வேண்டும் என்றார். ஜன்னல் கட்சியின் பார்வையாளர் அதை வழிமொழிந்தார். பதினான்கு மாதங்களில் இரு கட்சிகளும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. செயலரின் கண் லேசாகக் கலங்கியது.

நூலகர் இங்கேதான் தன் துணிவைக் காட்டினார். எழுந்து நின்றார். இது அநியாயம், ஒருவர் செய்த வேலையைக் குற்றமாக எழுத என் கை வராது என்று தெளிவாகச் சொன்னார். அவர் குரல் இவ்வளவு உயர்ந்ததை அந்தக் கட்டடம் கேட்டதில்லை. அப்படியானால் என்னதான் செய்வது என்று செயலர் கெஞ்சினார். மற்ற இருவரும் செய்யாததைச் செய்ததாக எழுதினால் பொய். இவர் செய்ததை எழுதினால் சார்பு. நூலகர் உட்கார்ந்து, சிவப்பு மையை எடுத்து, பதினோரு வரியையும் தானே அடித்தார். அடித்த இடத்தில், 'குழாய் தொடர்பான அனுபவம் உண்டு' என்று எழுதினார். மற்ற இருவருக்கும் முறையே 'மருந்து தொடர்பான அனுபவம் உண்டு', 'வாகனம் தொடர்பான அனுபவம் உண்டு' என்று வந்தது. அநியாயத்தைத் தடுத்துவிட்ட மனநிறைவோடு வீடு திரும்பினார்.

கணவர் அச்சுப்படியை இஸ்திரி மேசையில் வைத்து ஊன்றிப் படித்தார். முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை.

"மூணு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்களே."

நூலகரின் முகம் மலர்ந்தது. திருமணமான இத்தனை ஆண்டுகளில் கணவர் தன் வேலையை இவ்வளவு நுட்பமாகப் புரிந்துகொண்டதில்லை.

"நான் குறையாத்தான் சொன்னேன்" என்றார் கணவர். "உனக்குத் தெரிஞ்சது இந்தத் தெருவுக்குத் தெரிய வேண்டாமா?"

"எனக்குத் தெரிஞ்சதை எழுதினா அது கருத்து. எல்லாருக்கும் பொதுவா எழுதினாத்தாங்க அது கையேடு."

"சரி, கையேட்டை விடு. நீ யாருக்குப் போடப்போற?"

நூலகர் கொடிப் பக்கம் பார்த்தார். அதில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அது வெள்ளைச் சட்டை என்று அதன் சொந்தக்காரருக்கு மட்டுமே தெரியும்.

"மனசுக்குள்ள குழாய்க்காரர்தாங்க. அதனாலதான் போடப்போறதில்லை."

"புரியல."

"மூணு பேர்ல யாரையும் புடிக்கலைன்னா தாராளமா போடலாம். ஒருத்தரைப் புடிச்சுப்போனப்புறம் போட்டா, கையேடு எழுதினவ பக்கம் சாய்ஞ்சுட்டான்னு ஆயிடாதா?"

கணவர் இஸ்திரிப் பெட்டியைச் சூடு குறைத்துவிட்டு, வேறு வேலை பார்க்கப் போனார்.

கையேடு வெளிவந்தது. கிழக்குத் தெருக்களில் வீடு வீடாகப் போட்டார்கள். அதன் பயனை உடனே காண முடிந்தது. அதுவரை யாருக்குப் போடுவது என்று தெரிந்து வைத்திருந்தவர்கள்கூடக் கையேட்டைப் படித்தபின் குழம்பிப்போனார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் நூலகத்துக்கே வந்து, இவர்களில் யார் குழாயை மாற்றுவார் என்று மட்டும் சொல்லுங்கள், போதும் என்று கேட்டார். மூவருக்கும் தலா நூற்றைம்பது சொற்கள் என்று நூலகர் விளக்கினார். ஆசிரியை நன்றி சொல்லிவிட்டு, போகிற போக்கில் படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை பாராட்டா வேறா என்று நூலகருக்கு விளங்கவில்லை. எனவே அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வராமல் இருந்தார்.

வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடி நூலகத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தது. இருபத்தாறு படிகள் இறங்கினால் போதும். நூலகர் காலையிலிருந்து மாடியில் அகராதிகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். மூன்று மணிக்குக் கணவர் விரலில் மையோடு மேலே வந்தார்.

"கூட்டமே இல்லை. ரெண்டு நிமிஷம். போட்டுட்டு வந்துடு. திரை போட்டிருக்கு, யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

கணவர் இறங்கிப் போனார். ஐந்து மணிக்குக் கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நூலகர் அகராதியை அடுக்கில் நேராக நிறுத்தினார். மனசு ஒரு பக்கம் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் எண்ணினார்கள். ஜன்னல் கட்சி முந்நூற்று எண்பத்தெட்டு. வாளி முந்நூற்று எண்பத்தேழு. கதவுக் கட்சி முந்நூற்று ஐம்பத்தொன்று. இரண்டு முறை திரும்ப எண்ணியும் எண்கள் அசையவில்லை.

பதின்மூன்று பேரும் கூடிய முதல் கூட்டத்தில் ஜன்னல் கட்சிக்கு ஏழு கை இருந்தது. குழாய்த் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதுவரை எதிர்க்கட்சி தடுத்தது என்று சொல்லி வந்தோம், இப்போது அவசரப்பட்டு மாற்றினால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்று புதிய உறுப்பினர் பொறுப்போடு சுட்டிக்காட்ட, அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பிறகு செயலர் இன்னொரு தீர்மானத்தைப் படித்தார்: எந்தத் தரப்புக்கும் எந்தத் தீங்கும் நேராத வண்ணம் கையேட்டை உருவாக்கிய நூலகருக்கு மன்றத்தின் பாராட்டிதழ். பதின்மூன்று கைகளும் ஒன்றாக உயர்ந்தன. அப்படி ஒரு காட்சியை மன்றம் கண்டதில்லை. நூலகர் மேடையேறி இதழை வாங்கும்போது இரு கட்சியினரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். குழாய்க்காரர் வரவில்லை. எங்கோ வெடித்திருந்தது.

நான்கு நாள் கழித்துச் சலவைக் கடையில் குழாய் அடைத்துக்கொண்டது. கணவர் சொல்லி அனுப்ப, குழாய்க்காரர் வழக்கம்போல் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். சுவரில் மாட்டியிருந்த பாராட்டிதழை நின்று முழுக்கப் படித்தார். நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று மனதாரச் சொன்னார். பிறகு தொட்டிக்கு அடியில் புகுந்து மல்லாந்து படுத்துக்கொண்டு, வேலையோடு வேலையாகப் பேசினார்.

"எல்லா வீட்டுலயும் ஏறி எறங்கி ஓட்டுக் கேட்டேன்க்கா. சில வீட்டுக்கு ரெண்டு தடவை. உங்க வீட்டு வாசல் வரைக்கும்கூட வந்தேன். அப்புறம் யோசிச்சேன். கையேடு எழுதறவங்க வீட்டுக்குள்ள வேட்பாளர் போனா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. நம்மால உங்க பேர் கெடக்கூடாதுன்னு திரும்பிட்டேன். இந்த ஒரு வீடுதான் நான் கேக்காத வீடு."

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நூலகரைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு ஓட்டு விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று நூலகர் கேட்டார்.

"முந்நூத்தி எண்பத்தெட்டு, முந்நூத்தி எண்பத்தெட்டு" என்றது தொட்டிக்கு அடியிலிருந்து வந்த குரல். "ரெண்டு பேரும் சமமா இருந்திருப்போம். சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பாங்க. நமக்கும் பாதி வாய்ப்பு இருந்திருக்கும். பரவால்லக்கா, விடுங்க. அந்த ஸ்பானரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

நூலகர் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தேர்தல் முழுவதிலும் உண்மையான சமநிலை என்று ஒன்று இருந்தது. வாக்குப்பதிவு நாளன்று மாலை ஐந்து மணி வரை அது அவருடைய கைப்பையில், வாக்காளர் அட்டையோடு, கசங்காமல் இருந்தது. எப்பக்கமும் சாயாமல் நிமிர்ந்து நின்றபடியே ஒரு தேர்தலைச் சாய்த்தவர் என்ற பெருமையை அவரிடமிருந்து இனி யாரும் பறிக்க முடியாது.